பதினான்கு மலைகளும் ஒரு தைல டப்பாவும்

ஜிங்ஜோ
மார்ச் 9, 2010

பெய்லிங்குக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்கி இரண்டு தாள்களைக் கிழித்துப் போட்டாயிற்று. இந்தத் தாளில் அந்தச் சொல்லே வேண்டாம். அதைப் படித்ததும் நீ உதட்டைச் சுழிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

உன் கைபேசி எண் மாறிவிட்டது. மேற்கு ஹெனானில், லுவோ ஆற்றின் மேல்கரையில் ஒரு பள்ளியில் புவியியல் டீச்சராக இருக்கிறாய் என்று பழைய வகுப்புக்காரர்கள் சொல்லித்தான் தெரியும். என் முகத்தில் முழிக்கக் கூடாது என்பதற்காக ஒருத்தி அவ்வளவு தூரம் போக வேண்டுமா? சரி, வந்த விஷயத்தைச் சொல்கிறேன்.

போன இலையுதிர்காலத்தில் இங்கே சாலை போடத் தோண்டியபோது ஒரு கல்லறை கிடைத்தது. இரண்டாயிரத்து முந்நூறு வருடத்துக் கல்லறை. உள்ளே தண்ணீரில் ஊறிப்போன மூங்கில் ஏடுகள். வெந்த நூடுல்ஸ் மாதிரி துவண்டு கிடந்தன. அவற்றைச் சுத்தம் செய்து, படித்து, வரிசையாக அடுக்குகிற குழுவுக்கு நான்தான் தலைவி. என்ன எழுதியிருக்கிறது என்று சொல்ல முடியாது. ஏடுகளின் படங்களோடு புத்தகம் வெளிவரும் வரை வெளியாட்களிடம் ஓர் எழுத்துகூடச் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஜூன் கடைசியில் அச்சுக்குப் போகிறது.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பதினான்கு மலைகளையும் நீ கால்நடையாக நடந்து பார்த்துவிட்டு ஒரு பட்டியல் போட்டாயே, அதை அனுப்பு. எதற்கு என்று கேட்காதே.

மண்டபத்தில் நடந்த பேச்சை நீ இன்னும் மனதில் வைத்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன்.

யுன்லான்


ஷிமென் கிராமம்
மார்ச் 21

யுன்லான் அக்காவுக்கு,

விளையாட்டா?

உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன், இருநூறு பேர் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் நான் பேசினேன். நாம் இருவரும் பத்து வருடம் படித்த மலைநூலைப் பற்றித்தான் பேசினேன். எந்த மலைக்கு அடுத்தது எந்த மலை, இடையில் எத்தனை லீ தூரம், அங்கே என்ன கல், என்ன மூலிகை, எந்த விசித்திர மிருகம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிற நம் மலைநூல். அதில் இந்தப் பதினான்கு மலைகளின் வரிசை கலைந்திருக்கிறது என்றேன். நாலு, ஐந்து, ஆறு ஆகிய மூன்று மலைகளும் பதினொன்றுக்கு அப்புறம் வர வேண்டும். மூன்றாவது மலையிலிருந்து நாலாவதுக்குக் ‘கிழக்கே அறுபது லீ’ என்று நூல் சொல்கிறது, அதாவது ஒரு நாள் நடை. நடந்து பார்த்தால் நாலு நாள் ஆகிறது, நடுவில் இரண்டு ஆறு. ஏதோ ஒரு காலத்தில் கயிறு அறுந்து ஏடுகள் கொட்டி, யாரோ தப்பாகப் பொறுக்கி அடுக்கிவிட்டார்கள் என்றேன்.

நீ எழுந்தாய். நாலு வருடம் ஒரே அறையில் படுத்தவள், என் சொந்த அக்காவைவிட அக்கா. எனக்காகப் பேசப் போகிறாய் என்று சிரித்துக்கொண்டே பார்த்தேன். "தங்கச்சிக்குக் கால் வலி போலிருக்கு. கால் வலிச்சா தைலம் தடவணும், நூலைத் திருத்தக் கூடாது" என்றாய். இருநூறு பேரும் சிரித்தார்கள். மறுநாள் காலையில் என் மேசை மேல் கொக்குப் படம் போட்ட தைல டப்பா ஒன்று இருந்தது. அதையும் நீதான் வைத்தாய்.

அந்த டப்பா இப்போது என் ஜன்னலோரம் இருக்கிறது. மூடியைத் திறக்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அதற்காகத்தான் வைத்திருக்கிறேன்.

ஆகவே பட்டியல் கிடையாது.

இன்னொன்று. உனக்கு ரகசியம் காக்கத் தெரியாது. சொல்ல முடியாது, சொல்ல முடியாது என்று சொல்லியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய். அந்தக் கல்லறையில் மலைநூல் கிடைத்திருக்கிறது. ஐயோ அக்கா! நிஜமாகவா? அந்தப் பதினான்கு மலைகளுமா? ஐயோ! இல்லை, பதில் எழுதாதே. நான் கோபமாக இருக்கிறேன்.

காவ் பெய்லிங்
(முழுப் பெயர் போட்டிருக்கிறேன், கவனித்தாயா?)


ஜிங்ஜோ
ஏப்ரல் 7

பெய்லிங்,

கோபமாக இருக்கிறவள் இரண்டு தடவை ‘ஐயோ’ போட மாட்டாள். ஆனாலும் முழுப் பெயரைக் கவனித்தேன். வலித்தது.

நீ யூகித்ததைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. ஆய்வறைத் தாழ்வாரக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்கிற எவருக்கும் தெரிகிற விஷயங்களை மட்டும் எழுதுகிறேன்.

கட்டியிருந்த கயிறு எப்போதோ மக்கிவிட்டது. ஏடுகள் விறகு மாதிரி குவிந்து கிடந்தன. ஓர் ஏட்டில் பாதி வாக்கியமும் அடுத்ததில் மீதியும் இருந்தால் எளிதாக அடுக்கிவிடலாம். இங்கே ஒவ்வொரு செய்தியும் தன் ஏட்டிலேயே தொடங்கி அதிலேயே முடிகிறது. பிடித்துக்கொள்ள ஒரு நுனியும் இல்லை. அப்படியிருக்கும்போது எதை வைத்து அடுக்குவது? அச்சு நூலில் இருக்கிற வரிசைப்படிதான் அடுக்கினேன். இந்தத் தொழிலில் எவரும் அதைத்தான் செய்வார்கள். நீயும் செய்திருப்பாய்.

ஆனால் நிம்மதி இல்லை. மத்தியானம் மீன் கேக் சாப்பிடும்போதுகூட ‘நாலு நாள், நடுவில் இரண்டு ஆறு’ என்று நீ அன்று சொன்னது காதில் விழுகிறது. அடுக்கு தப்பாக இருந்து, என் பெயரோடு அச்சாகிவிட்டால், இனி வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் படிப்பார்கள். ‘ஏட்டிலேயே இப்படித்தான் இருக்கிறது’ என்று சொல்லி உன் வாயையும் அடைத்துவிடுவார்கள். இந்த முறை ஏடுகளைத் தப்பாகப் பொறுக்கி அடுக்கியவள் நானாக இருப்பேன்.

இயக்குநர் பாங்கிடம் இலேசாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஏம்மா, எவளோ ஒருத்தி நடந்தாங்கறதுக்காக ஏட்டை இடம் மாத்த முடியுமா? ஏட்டுலயே ஆதாரம் இருந்தா காட்டு, நானே கையெழுத்துப் போடறேன்" என்றார்.

இது போதாதென்று இன்னொரு தலைவலி. ஏடுகளைக் கழுவுகிற மெய்சின் என்ற பெண் பல ஏடுகளின் முதுகில் கத்தியால் கீறிவிட்டாள். எழுத்து இல்லாத பக்கம்தான், ஆனாலும் கீறல் கீறல்தானே. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு உயரத்தில், குறுக்கே ஒரு சிறிய கோடு. "நான் தொடவே இல்லக்கா, வந்தப்பவே இருந்துச்சு" என்று அழுகிறாள். நன்றாகத் திட்டினேன். ஒரு மாதமாக நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

எல்லாரிடமும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறேன், பார்.

தைலத்தைப் பற்றி: டப்பாவை வைத்தது தப்பு. அன்றைக்கே தெரியும். திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று வந்தேன், அதற்குள் நீ வந்து உட்கார்ந்துவிட்டாய்.

யுன்லான்


ஷிமென் கிராமம்
மே 3

அக்கா,

உட்கார்ந்து படி. டீ கையில் இருந்தால் கீழே வை.

நான் குடியிருக்கிற வீட்டுச் சொந்தக்காரி டூ அக்காவைப் பற்றி உனக்குச் சொன்னதில்லை. இருபது வயதில் குரல் திறந்தவள் இன்னும் மூடவில்லை. மூங்கிலைப் பிளந்து, மந்தோ ரொட்டியை ஆவியில் வேகவைக்கிற தட்டிகள் பின்னிச் சந்தையில் விற்கிறாள். உன் கடிதம் வந்த அன்று நான் படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். மெய்சின் கீறிய கதை வரை வந்துவிட்டேன். அப்போது டூ அக்காவின் கொழுந்தன் பிளந்து வைத்த பட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, கால் தடுக்கி, முற்றம் முழுக்கக் கொட்டிவிட்டான். அவசர அவசரமாகப் பொறுக்கி, பார்வைக்கு ஒத்ததை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்கினான்.

அவ்வளவுதான், டூ அக்கா பாய்ந்தாள். "யோவ், கண்ணு உனக்கு முன்னாடி இருக்கா, பின்னாடி இருக்கா? திருப்பிப் போட்டுக் கோட்டைப் பாருய்யா, கோட்டை!"

"எந்தக் கோடு?" என்று கேட்டேன். கத்திவிட்டேன் என்றே சொல்ல வேண்டும்.

"டீச்சருக்கு இதுகூடத் தெரியாதா?" என்றாள். "ஒரே மூங்கில்ல பிளந்த பட்டையெல்லாம் அதே வரிசையில இருந்தாத்தான் தட்டி நெளியாம நிக்கும். அதனால பிளக்கறதுக்கு முன்னாடியே மூங்கிலைச் சுத்தி கத்தியால சாய்வா ஒரு கோடு இழுத்துருவேன். அப்புறம் எத்தனை தடவை கொட்டினாலும் கவலை இல்ல. கோடு சேர்ற மாதிரி அடுக்கினா பட்டை தானா வரிசைக்கு வந்துரும். இந்த மடையனுக்குப் பதினாறு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கேன்."

அக்கா, நான் அந்தப் பட்டைகளைக் கையில் எடுத்துத் திருப்பினேன். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு உயரத்தில், குறுக்கே ஒரு சிறிய கோடு. நீ எழுதிய அதே வார்த்தைகள்!

மெய்சின் கீறவில்லை. ஏடு செய்தவன் கீறியிருக்கிறான், இரண்டாயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்னால்.

கேள். இந்த உறைக்குள் இன்னொரு உறை இருக்கிறது, ஒட்டி, மூடி மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் பட்டியல் அதில் இருக்கிறது. திறக்காதே! முதலில் ஏடுகளின் முதுகைப் பார். அச்சு நூலை மற, என்னை மற, கோட்டை மட்டும் வைத்து அடுக்கு. வந்த வரிசையை எழுதிக் கையெழுத்துப் போடு. அதற்குப் பிறகு இயக்குநர் கையில் கொடுத்து அவரையே என் உறையைத் திறக்கச் சொல். அப்போதுதான் எவனும் நாம் இருவரும் பேசி வைத்துக்கொண்டோம் என்று சொல்ல முடியாது.

கோடு அச்சு நூலின் பக்கம் பேசினால் என் பட்டியலை அடுப்பில் போட்டுவிடு. உன் தைலத்தைக் காலில் தடவிக்கொண்டு, இனி இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். சத்தியமாக. மூன்று வருடமாக நான் சரி என்று எனக்குத் தெரியும், ஆனால் தெரிவது வேறு, பார்ப்பது வேறு.

சீக்கிரம். தந்தி கொடுக்க முடிந்தால் கொடு.

பெய்லிங்


ஜிங்ஜோ
மே 19

அடி பெய்லிங், என் கண்ணே,

முதலில் இத்துடன் இருக்கிற படிவத்தில் கையெழுத்துப் போடு. உன்னை எங்கள் குழுவின் ஆலோசகராகப் பதிவு செய்துவிட்டார் பாங். கையெழுத்துப் போடாமல் அடுத்த பத்தியைப் படித்தால் நான் வேலையை இழப்பேன். போட்டாயா? பொய் சொல்லாதே. போடு.

உன் கடிதம் கிடைத்ததும் ஆய்வறைக்கு ஓடினேன். ஏடுகள் எல்லாம் கண்ணாடிப் பட்டையில் முகம் மேலே பார்க்கக் கட்டிக் கிடந்தன. ஆறு மாதமாக முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம், முதுகில் இருந்த கோடுகளைச் சேர்த்துப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. மெய்சினைக் கூப்பிட்டேன். வந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. "திருப்பும்மா, ஒவ்வொண்ணா திருப்பு" என்றேன். ஈரத்துணி, இடுக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு பதினான்கு ஏடுகளையும் திருப்பினோம். அச்சு நூல் வரிசையில் வைத்தபோது கோடுகள் உடைந்த படிக்கட்டு மாதிரி ஏறியும் இறங்கியும் நின்றன. பிறகு அச்சு நூல்படி நான் ஒட்டியிருந்த எண்களைத் துணியால் மூடிவிட்டு, கோடு சேரும்படி மட்டும் நகர்த்தினோம். இரண்டு மணி நேரம் ஆனது.

பெய்லிங், கடைசி ஏட்டை மெய்சின் நகர்த்தினாள், கோடு ஒன்றாகிவிட்டது. மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலை வரை ஒரே சாய்வு, ஒரே கத்தி, ஒரே கை. பிறகு மெய்சின், "நான் கீறலன்னு சொன்னேன்ல?" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டேன். குழந்தை மாதிரி அழுதேன், அவள்தான் என்னைத் தேற்றினாள்.

துணியை எடுத்தோம். ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் ஏழு!

வரிசையை எழுதிக் கையெழுத்துப் போட்டு பாங்கிடம் கொடுத்தேன். அவர் உன் உறையைப் பேனாக்கத்தியால் மெல்லத் திறந்து, இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலை ஓட்டிக்கொண்டே உரக்கப் படித்தார். "ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பதினொண்ணு... நாலு." நிமிர்ந்தார். "யாரும்மா இந்தப் பொண்ணு? இவளை ஏன் வெளியே விட்டோம்?" என்றார். நான் தரையைப் பார்த்தேன்.

நாலும் ஐந்தும் ஆறும் பதினொன்றுக்கு அப்புறம்தான். நீ சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு. இதை எழுத மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டியதில்லை.

ஆனால் தலையை ரொம்பத் தூக்காதே. ஓரிடத்தில் நீயும் தப்பு. ஏட்டில் நாலுக்கு அடுத்தது ஆறு, அதற்கு அப்புறம்தான் ஐந்து. நீ ஐந்தை முதலில் போட்டிருக்கிறாய். ஆறாவதுதான் அந்த வெள்ளை மீசைப் பன்றி மிருகம் இருக்கிற மலை. தன் பெயரைத் தானே கூவும், பார்த்தவர்கள் பெருமழையில் நனைவார்கள் என்று நூல் சொல்கிறதே, அந்த மலை. அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய்?

புத்தகம் நின்றுவிட்டது. புது வரிசையில் அச்சுக்குப் போகிறது.

உன் யுன்லான் அக்கா


ஷிமென் கிராமம்
ஜூன் 8

என் அக்காவுக்கு,

ஆசிரியர் அறையில் படித்தேன். கையெழுத்துப் போட்ட பிறகுதான் படித்தேன் (அதாவது, படித்துக்கொண்டே போட்டேன்). ‘அப்புறம் ஏழு’ என்ற இடத்தில் என்னை அறியாமல் கத்திவிட்டேன். கணக்கு வாத்தியார் நாற்காலியோடு சாய்ந்து விழுந்தார். பிறகு அழுதேன். பிறகு எட்டாம் வகுப்புக்குப் போய், பாடமே நடத்தாமல், நாற்பது பிள்ளைகளையும் மைதானத்தில் பதினான்கு மலைகளாகப் பிரித்து நிறுத்தி, நடுவில் நானே நதியாக ஓடினேன். தலைமையாசிரியர் ஜன்னலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஆறாவது மலையைப் பற்றி ஒப்புக்கொள்கிறேன். அன்று அடர்ந்த பனி. மேலே ஏறாமல் பள்ளத்தாக்கு வழியாகச் சுற்றிப் போனேன். எது முதலில் வருகிறது என்று ஓர் ஆட்டுக்காரரிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். நடந்தேன் என்று மார்தட்டியவள் நடக்காத ஒரே இடம் அது. யாருக்கும் சொல்லவில்லை. எழுத்தைக் கண்மூடி நம்பினாய் என்று உன்னைத் திட்டினேன், நானோ வழியில் பார்த்த ஒருவர் வாயை நம்பினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஏறிவிட்டேன். ஏடு சொல்வதுதான் சரி, மேலே நின்றால் ஐந்தாவது கிழக்கே தெளிவாகத் தெரிகிறது. அந்த மிருகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் உச்சிக்குப் போனதும் வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. ஆகவே அது என்னைப் பார்த்திருக்க வேண்டும். தலை முதல் கால் வரை நனைந்து, தனியாக நின்று, வாய்விட்டுச் சிரித்தேன்.

டூ அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். "ரெண்டாயிரம் வருஷமா எல்லாரும் செய்யறதுதானே, இதுக்கா படிச்சவங்க இப்படி ஆடறீங்க?" என்றாள். உனக்கு ஒரு தட்டி செய்து வைத்திருக்கிறாள், கோட்டோடு.

மெய்சினிடம் முறையாக மன்னிப்புக் கேட்டாயா? கட்டிக்கொண்டு அழுதது கணக்கில் வராது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. நீயே கண்டுபிடி.

பெய்லிங்


மூன்றாவது மலைக்கு அடியில்
அக்டோபர் 4

பெய்லிங்,

மெய்சினிடம் மன்னிப்புக் கேட்டேன், எல்லார் முன்னாலும். அவள் பெயரும் டூ அக்கா பெயரும் புத்தகத்தின் நன்றிப் பக்கத்தில் இருக்கின்றன. வரிசைக் குறிப்பின் கீழே உன் பெயர், என் பெயருக்கு மேலே. வடக்கே ஒரு பல்கலைக்கழகத்திலும் யாரோ இதே மாதிரிக் கோடுகளைக் கவனித்திருக்கிறார்களாம். இருக்கட்டும், அந்த ஏடுகள் அவர்களுக்கு, நம் மலைகள் நமக்கு.

நீ கேட்காமல் விட்ட கேள்வி எது என்று எனக்குத் தெரியும். போன மாதம் அதே மண்டபம், அதே கூட்டம். நீ பரீட்சை என்று வராமல் இருந்தது நல்லதுதான், உன் முகத்தைப் பார்த்திருந்தால் எனக்குப் பேச்சு வந்திருக்காது. மேடையில் ஏறி, "மூணு வருஷத்துக்கு முன்னாடி இங்க என் தங்கச்சி ஒரு உண்மையைச் சொன்னா. நான் ஒரு ஜோக் சொன்னேன். நீங்க எல்லாம் ஜோக்கைத்தான் ஞாபகம் வெச்சிருப்பீங்க. இன்னிக்கு அவ சொன்னதைக் கேளுங்க" என்று தொடங்கி, கடைசி வரை உன் பேச்சையே படித்தேன். உன் பழைய தாள், நீ கோபத்தில் மேசையில் விட்டுவிட்டுப் போனது. அதை நான் பத்திரமாக வைத்திருந்தேன். கோடு திரையில் வந்ததும் கைதட்டல் நிற்கவே இல்லை.

பேசிவிட்டால் போதுமா என்று தோன்றியது. தேசிய நாள் விடுமுறையில் பஸ் ஏறி வந்துவிட்டேன், உன்னிடம் சொல்லாமல். நாலு நாளாக முதல் மலையிலிருந்து நடந்துகொண்டிருக்கிறேன், உன் வரிசைப்படி, திருத்திய வரிசைப்படி. நாற்பத்தைந்து வருடத்தில் மூங்கிலைத் தவிர வேறெதையும் தூக்காத உடம்பு. பாதம் இரண்டும் மந்தோ மாதிரி உப்பிக் கிடக்கின்றன. ஷூ காலில் ஏறமாட்டேன் என்கிறது. இந்தச் சத்திரத்து வாசலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், மூன்றாவது மலைக்கும் ஏழாவதுக்கும் நடுவில். மற்ற மலைகளை உன்னோடு நடக்கிறேன்.

சிரிக்காதே. கெஞ்சிக் கேட்கிறேன், வரும்போது தைலம் கொண்டு வா.

யுன்லான்


ஷிமென் கிராமம்
அக்டோபர் 5, காலை

அக்கா,

உன் கடிதம் கொண்டுவந்த பால்காரரிடமே இந்தச் சீட்டைக் கொடுத்து அனுப்புகிறேன். நான் டூ அக்காவின் கொழுந்தனுடைய மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறேன், ஆனால் அவன் வண்டியை நம்ப முடியாது, பால்காரர்தான் முதலில் வருவார்.

அவரிடம் ஒரு டப்பாவும் இருக்கும். கொக்குப் படம் போட்டது. மூடியை இன்று காலையில்தான் திறந்தேன். காலாவதியாகி ஒரு வருடம் ஆகிவிட்டது, நன்றாக எரியும் என்று டூ அக்கா சொல்கிறாள். எரியட்டும். பாதிதான் நீ தடவ வேண்டும். மீதியை எனக்கு வை, இன்னும் பதினோரு மலை நடக்க வேண்டியிருக்கிறது.

பெய்லிங்